தடைக்காலம் முடியும் முன் டீசல் டேங்கின் அடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிகிறது. இந்த 61 நாள்களில் விசைப்படகுகளைக் கரைச் சாய்தளமான ஸ்லிப்வேயில் ஏற்றிப் பலகை மாற்றுவதும், பெயின்ட் அடிப்பதும், வலைகளைச் சீர்செய்வதும், எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதும் காசிமேடு முதல் தூத்துக்குடி வரை எல்லாத் துறைமுகங்களிலும் மும்முரமாக நடக்கும். ஒரு படகுக்கே லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களும் உண்டு. இவ்வளவு செலவுக்கு நடுவே, டீசல் டேங்கின் அடியில் என்ன தேங்கிக் கிடக்கிறது என்று திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. படகு எஞ்சின்களுக்கு அழுத்தத்தோடு டீசல் தள்ளும் பம்பையும் அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் நாசில்களையும் பழுதுபார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும் ஜூன் பின்பாதியில் என் பட்டறைக்கு வரும் பம்புகளில் பெரும்பாலானவை தண்ணீர் புகுந்து கெட்டவை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் படகு உரிமையாளர்களுக்கும் மீன்வளத் துறைக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

டீசலைவிடத் தண்ணீர் கனமானது. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 820 முதல் 845 கிராம். நல்ல தண்ணீர் 1,000 கிராம். கடல் தண்ணீர் அதற்கும் சற்று மேல். ஆகவே டேங்கில் எந்த வழியாகப் புகுந்தாலும் தண்ணீர் கீழே போய்ப் படிந்துவிடும். எஞ்சினுக்கு டீசல் உறிஞ்சும் குழாயின் வாய் டேங்கின் அடித்தகட்டுக்கு நான்கு விரற்கடை மேலே இருப்பது வழக்கம் என்பதால், படகு ஆடாமல் நிற்கும்வரை அடியில் கிடக்கும் தண்ணீரால் எந்தத் தொல்லையும் தெரியாது. துறைமுகத்துக்குள் எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது, புகை இல்லை என்று திருப்தியடைந்து படகை எடுத்துச் செல்கிறார்கள். முகத்துவாரத்தைத் தாண்டி அலையில் ஏறி இறங்கத் தொடங்கியதும்தான் டேங்கின் அடியில் இரண்டு மாதமாக அசையாமல் கிடந்த தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வருகின்றன. எஞ்சின் ஏறி இறங்கி ஓடுகிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. கடல் கொந்தளிக்காத நாளில் இந்தக் கோளாறு வெளிப்படுவதே அரிது என்பதுதான் இதில் மிகவும் அஞ்ச வேண்டிய பகுதி; எஞ்சினின் பலம் எந்த நேரத்தில் மிக அதிகமாகத் தேவைப்படுகிறதோ அந்த நேரத்தில்தான் அது கைவிடுகிறது.

ஜூன் மாதத்தில் கச்சான் காற்று வலுத்து வீசும். எஞ்சின் நின்ற படகை அது கரையை விட்டுக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். பாக் நீரிணையில் இலங்கையுடன் செய்த 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வகுக்கப்பட்ட கடல் எல்லை நம் கரையிலிருந்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ராமேசுவரம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லை தாண்டும் எண்ணமே இல்லாமல், எஞ்சின் ஓடாத ஒரே காரணத்தால் மறுபக்கம் போய்ச் சேரும் படகும் சிறைபிடிக்கப்படும். அதில் இருப்பவர்களின் குடும்பம் மாதக்கணக்கில் அலைய நேரும். எல்லைப் பிரச்சினையின் பெரும்பகுதி இதனால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கையில் இருக்கும் ஒரு காரணத்தையாவது நாம் நீக்கிவிடலாம் அல்லவா என்றுதான் கேட்கிறேன். எல்லைக்கு வெகு தொலைவில் நின்றுபோன படகுக்கும் இழப்பு உண்டு: ஐஸ் கரைந்து, ஏற்றிய டீசலும் சாப்பாட்டுச் சாமானும் வீணாகி, இன்னொரு படகு தன் தொழிலை விட்டுவிட்டு வந்து கட்டி இழுக்க, கிடைக்கும் மீனில் பங்கு என்று தொழிலுக்குப் போனவர்கள் அனைவரும் வெறுங்கையோடு கரை திரும்புகிறார்கள்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலான உரிமையாளர்கள் உடனே கைகாட்டுவது டீசல் பங்கை. சில நேரங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு உண்மை தெரிகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. ஆயிரம் லிட்டர் டீசலுக்கு அது ஏறத்தாழ 165 மில்லிதான். விற்பனை வரி விலக்குடன் ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு வழங்கப்படும் 19,000 லிட்டர் டீசல் முழுவதும் அந்த உச்ச வரம்பில் இருந்தாலும், ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் தண்ணீர் சேரும்; அதிலும் பெரும்பகுதி டீசலோடு கரைந்தே போய்விடும். டேங்கைத் திறந்தால் வாளிக்கணக்கில் தண்ணீர் வருகிறது என்றால், தரமான டீசல் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது. பங்கின் நிலத்தடி டேங்கில் மழைநீர் இறங்கியிருக்க வேண்டும், அல்லது நம் படகிலேயே எங்கோ வழி திறந்திருக்க வேண்டும்.

என் அனுபவத்தில் அந்த வழி அநேகமாக மேல்தளத்தில்தான் இருக்கிறது. டீசல் ஊற்றும் வாயின் பித்தளை மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். வெயிலும் டீசலும் பட்டு அது சில மாதங்களில் வெடித்துக் கட்டியாகிவிடும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிக்காது. அந்த வாய் தளத்தோடு சமமாக இருக்கும் படகுகளில், மீன் பிரித்து முடித்ததும் கடல் தண்ணீரைப் பீய்ச்சித் தளத்தைக் கழுவும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். டேங்கின் மூச்சுக்குழாய் இன்னொரு வழி. அதன் வாய் கீழ்நோக்கி வளைக்கப்படாமலும் போதிய உயரத்தில் இல்லாமலும் இருந்தால் அலையடிக்கும்போது நேராகத் தண்ணீர் குடிக்கும். வெளியில் வாங்கிப் பேரலிலும் கேனிலும் ஏற்றிவரும் டீசல் மூன்றாவது வழி. மழையில் மூடியில்லாமல் கிடந்த கேனைக் கவிழ்த்து வடித்துவிட்டு அப்படியே நிரப்புவதைத் துறைமுகத்தில் எந்நாளும் காணலாம்.

இவற்றோடு தடைக்காலத்துக்கே உரிய ஒரு வழியும் உண்டு. பகலில் இரும்பு டேங்க் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிந்து மூச்சுக்குழாய் வழியாக வெளியேறும். இரவில் டேங்க் குளிர்ந்ததும் கடற்கரையின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் மேல்தகட்டிலும் பக்கத்தகடுகளிலும் வேர்த்து வழிந்து டீசலுக்கு அடியில் போய்ச் சேரும். ஓர் இரவில் சேருவது சொற்பம்தான். ஆனால் டேங்கை முக்கால்வாசி காலியாக விட்டுவிட்டு 61 நாள் கட்டிப்போடும்போது அந்தச் சொற்பம் சேர்ந்துகொண்டே போகும். டேங்க் எவ்வளவு காலியோ அவ்வளவு ஈரக்காற்றுக்கு இடம் உண்டு. டீசலுக்குப் பணம் முடங்கக் கூடாது என்று காலியாக விடுவது எனக்குப் புரிகிறது. அப்படி விடுபவர்கள் மூச்சுக்குழாயைச் சோதித்து, முதல் பயணத்துக்கு முன் அடியை வடிக்கவாவது வேண்டும்.

தண்ணீர் செய்யும் கேட்டை ஒரு பம்பைப் பிரித்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள். டீசல் பம்புக்குள் இருக்கும் எலிமென்ட் என்பது ஒரு குழலும் அதற்குள் மேலும் கீழும் ஓடும் பிளஞ்சரும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதனால்தான் சாதாரண எஞ்சினிலேயே நாசிலைத் திறக்கச் சுமார் 200 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தை அதனால் உண்டாக்க முடிகிறது. பிளஞ்சருக்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. அந்த இடத்தில் டீசலுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். நல்ல பிளஞ்சர் கண்ணாடிபோல முகம் தெரியும் அளவுக்கு மின்னும். தண்ணீர் பட்டதை வெளியே எடுத்தால் பக்கவாட்டில் நீளநீளமான கீறல்கள் இருக்கும், எஞ்சின் நின்றபோது தண்ணீர் தங்கிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் பதிந்திருக்கும். கடல் தண்ணீராக இருந்தால் அந்த வளையத்துக்குள் ஊசி குத்தியதுபோலப் பள்ளங்கள் விழுந்திருக்கும், உப்பு அவ்வளவு விரைவாக அரிக்கிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. புதிய எலிமென்ட்தான் போட வேண்டும், போட்டபின் சோதனை மேடையில் ஏற்றி டீசல் அளவைச் சரிபார்க்கும் கலிபரேஷனும் செய்ய வேண்டும். நாசிலின் நுனியில் வேறு வகையான கேடு: எரியறையின் சூட்டில் தண்ணீர் திடீரென ஆவியாகும்போது நுனியே உடைந்துபோவது உண்டு. எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும், புதிதாக வரும் காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகிறது என்பதால் அவை தண்ணீரை இன்னும் கொஞ்சமும் பொறுக்காது, செலவும் பல மடங்கு.

டேங்கின் அடியில் வழவழவென்று கறுப்பாக ஒரு படலம் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதை டீசலின் அழுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உயிருள்ளது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வளர்கின்றன. டீசல் அவற்றுக்கு உணவு, தண்ணீர் அவற்றுக்கு வாழிடம். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதற்காகவே உலகெங்கும் கப்பல்காரர்களிடமும் விமானத் துறையினரிடமும் பெயர்பெற்றது. இந்த வளர்ச்சி ஃபில்டரை அடைப்பதோடு நிற்காமல், அமிலத்தையும் உண்டாக்கி டேங்கின் அடித்தகட்டை உள்ளிருந்தே அரிக்கிறது. இதைக் கொல்ல மருந்துகள் உண்டு. ஆனால் தண்ணீரை வடிக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால் செத்த படலம் முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பி முதல் பயணத்திலேயே ஃபில்டரை அடைத்துவிடும். தண்ணீர் இல்லாத டேங்கில் அந்தப் பூஞ்சை வளரவே வளராது.

எனவே முதல் வேலை வடிப்பதுதான். படகை அசையாமல் குறைந்தது ஓர் இரவாவது நிறுத்தி, எல்லாத் தண்ணீரும் அடியில் படிந்தபின், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பாகவே டேங்கின் வடிகுழாயைத் திறக்க வேண்டும். வருவதை வாளியில் பிடிக்காமல் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால் கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவில் படலம் இருந்தால் அதுவும் தனித்தனியாகத் தெரியும். டீசல் மட்டுமே தெளிவாக வரும்வரை இப்படியே வடிக்க வேண்டும். ஸ்லிப்வேயில் ஏற்றிய படகில் இதைச் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மிதக்கும்போது இருந்த சாய்வில் படகு கரையில் இருக்காது; தண்ணீர் வடிகுழாய்க்கு எதிர்மூலையில் போய் நிற்கும், வடிகுழாயில் சுத்தமான டீசல் வருவதைப் பார்த்துவிட்டு டேங்க் நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். ஆகவே படகை மீண்டும் தண்ணீரில் இறக்கியபின் இன்னொரு முறை வடிப்பது அவசியம். வடிகுழாயே இல்லாத பழைய டேங்குகளும் நிறைய உண்டு. அவற்றில் மேல்வாய் வழியாக ஒரு குழாயை அடிமூலை வரை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கலாம். ஆள்வாய் மூடி உள்ள டேங்காக இருந்தால், இந்த இரண்டு மாதத்தில் ஒரு முறையாவது முழுவதும் காலிசெய்து, காற்று நன்றாகப் போய்வரச் செய்தபின் துடைத்து எடுப்பதைவிடச் சிறந்த வேலை வேறில்லை. மூடிய டேங்குக்குள் தலையை விடுவது உயிருக்கு ஆபத்து என்பதால், காற்றுப் போகாமல், வெளியில் ஓர் ஆள் காவல் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

தண்ணீர் இருக்கும் டேங்கில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும், பெட்ரோல் கொஞ்சம் கலந்தால் எரிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. இரண்டுமே அடியில் கிடக்கும் தண்ணீரைப் போக்கிவிடாது. அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். டீசலில் பெட்ரோல் கலப்பது தீ விபத்துக்கும் வழி. தண்ணீரை டீசலோடு கலந்துவிடும் திரவங்களும் விற்பனைக்கு வருகின்றன. அவை அடியில் கிடக்கும் தண்ணீரை, அதைப் பிரிக்கும் செப்பரேட்டரையும் தாண்டி நேரே பம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதால், லிட்டர் கணக்கில் தண்ணீர் உள்ள டேங்குக்கு அவற்றை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது வாட்டர் செப்பரேட்டர். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில், எட்டிப் பார்க்கும் இடத்தில் இதைப் பொருத்த வேண்டும். இதில் டீசல் சுழன்று நுழையும்போது கனமான தண்ணீர்த் துளிகள் விலகிக் கீழே விழும். மிஞ்சிய நுண்துளிகள் தண்ணீரை விலக்கும் பூச்சு கொண்ட ஃபில்டர் தாளில் ஒன்றுசேர்ந்து பெரிதாகி அவையும் கிண்ணத்தில் சொட்டும். அடியில் ஊடுருவித் தெரியும் கிண்ணமும் வடிக்கும் திருகும் இருப்பதால், ஓட்டுநர் ஒரு பார்வையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அறிந்து வடித்துவிடலாம். எஞ்சின் ஒரு மணி நேரத்தில் இழுக்கும் டீசலின் அளவுக்குப் பொருத்தமானதை வாங்க வேண்டும். எரியாமல் டேங்குக்கே திரும்பிப் போகும் டீசலும் இதன் வழியாகத்தான் வருகிறது என்பதால் எரியும் அளவை மட்டும் கணக்கிடக் கூடாது. பல படகுகளில் செப்பரேட்டர் இருக்கிறது, ஆனால் கிண்ணம் மண்ணெண்ணெய் நிறத்தில் மங்கி உள்ளே எதுவும் தெரியாத நிலையில் ஆண்டுக்கணக்கில் கழற்றப்படாமல் இருக்கிறது. அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

நடுக்கடலில் ஃபில்டர் அடைத்து எஞ்சின் மூச்சுத் திணறும்போது, தாளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டோடு ஓட்டி வருகிறார்கள். அலைக்கும் இருட்டுக்கும் நடுவில் ஆள்களைக் கரைசேர்க்க வேண்டிய ஓட்டுநரை அதற்காக நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நிலை அவருக்கு வரக் கூடாது என்றால், உரிமையாளர் இரண்டு மாற்று ஃபில்டர்களையும் அவற்றின் வாஷர்களையும் எண்ணெய் படாத உறையில் போட்டுப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். எஞ்சின் ஏறி இறங்கத் தொடங்கியதும் முதலில் வேகத்தைக் குறைத்துக் கிண்ணத்தை வடிக்க வேண்டும். நின்றே போய்விட்டால் விடாமல் செல்ஃப் அடித்துப் பேட்டரியைத் தீர்க்கக் கூடாது. ஃபில்டரை மாற்றி, ஃபில்டர் தலையில் காற்றை வெளியேற்ற உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, கையால் டீசல் ஏற்றும் பிரைமரால் குமிழி இல்லாத டீசல் வரும்வரை அடித்து இறுக்கி, பிறகு பம்பில் உள்ள திருகிலும் அவ்வாறே செய்து, அதற்குமேல் தேவைப்பட்டால் நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்ற வேண்டும். இதைச் செய்யும் கை படகில் இரண்டு பேருக்காவது பழகியிருக்க வேண்டும். கரையில் கட்டிய நாள்களிலேயே பழகலாம். அப்படியும் ஓடவில்லை என்றால் காத்திராமல் நங்கூரம் போட்டுவிட்டு, வி.எச்.எஃப். ரேடியோ கருவியிலோ கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணிலோ உடனே தகவல் சொல்லிவிட வேண்டும்.

படகின் பின்புறம் வெளியே மாட்டிப் பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். ஓரளவு வரை அது கரைந்தே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்த அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும், மோட்டார் உறிஞ்சுவது அதைத்தான். டீசலில் செய்வதுபோல அடியை வடித்துவிட்டு மேலே இருப்பதைப் பயன்படுத்த முடியாது, ஏனெனில் எத்தனாலை இழந்த அந்தப் பெட்ரோலின் தரமும் இறங்கிவிட்டிருக்கும். பிரிந்துபோன பெட்ரோலை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். அதனால் தடைக்கு முன் வாங்கி மிஞ்சிய பெட்ரோலைக் கேனில் வைத்திருந்து மறுபடி பயன்படுத்துவதைத் தவிர்த்து, அவ்வப்போது தேவையான அளவு மட்டும் வாங்கி, இறுக மூடும் கேனில் நிழலில் வைக்க வேண்டும்.

டீசல் பங்குகளைப் பற்றிச் சொன்னேன். அங்கு டேங்கின் ஆழம் பார்க்கும் கம்பியான டிப் ராடின் நுனியில் தண்ணீர் கண்டறியும் பசையைத் தடவி டேங்கில் இறக்குவது அன்றாட நடைமுறை. தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆயிரக்கணக்கான லிட்டரை ஒரே நேரத்தில் நிரப்பும் படகு ஓட்டுநர் அந்தப் பசைச் சோதனையைத் தன் கண்முன் செய்துகாட்டும்படி கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாக மழைக்கு மறுநாளும், லாரி வந்து இறக்கிய சில மணி நேரத்துக்குள்ளும் இதைக் கேட்க வேண்டும். துறைமுகப் பங்குகள் அன்றைய சோதனை முடிவைப் பலகையில் எழுதி வைத்தால் வீண் சந்தேகமும் சண்டையும் குறையும். பத்து ரூபாய் மிச்சத்துக்காக யாரோ கொண்டுவரும் பேரலில் வாங்குபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

மீன்வளத் துறையிடம் என் வேண்டுகோள் பெரிய திட்டம் எதையும் கோரவில்லை. ஆண்டுதோறும் தடைக்காலத்தில் துறையின் அலுவலர்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வந்து விசைப்படகுகளை நேரடி ஆய்வு செய்கிறார்கள். பதிவுச் சான்று, படகின் நீளம், எஞ்சின், உயிர்காப்புச் சாதனங்கள், தகவல் தொடர்புக் கருவிகள் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஆய்வுக்கு வராத படகின் டீசல் மானியம் நிறுத்தப்படும் என்பதால் உரிமையாளர்களும் தவறாமல் படகைக் காட்டுகிறார்கள். அதே ஆய்வில், டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் வடித்துக் காட்டச் சொல்வதற்கும், மேல்வாய் மூடியின் வாஷரையும் மூச்சுக்குழாயையும் செப்பரேட்டர் கிண்ணத்தையும் பார்ப்பதற்கும் ஒரு படகுக்குக் கால் மணி நேரம் போதும். தண்டனைக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர் கண்ட படகை வடித்துவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி காட்டச் சொன்னால் போதுமானது. உயிர்காப்புச் சட்டை இல்லாத படகைக் கடலுக்கு விடக் கூடாது என்று கருதும் துறை, அந்தச் சட்டையை அணிய வேண்டிய நிலையை உண்டாக்கும் டேங்கையும் பார்ப்பதுதான் முறை. சிறு உரிமையாளர்களுக்குச் செப்பரேட்டர் வாங்க மானியம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வடித்த தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் துறைமுகத் தண்ணீரிலேயே கொட்டப்படுகிறது. ஏலக்கூடத்தின் கீழே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் இதற்கும் பங்கு உண்டு. எங்கள் அக்கரைப்பேட்டை உட்பட ஒவ்வொரு துறைமுகத்திலும் தடைக்காலம் முடியும்வரையாவது இரண்டு மூன்று பேரல்களை வைத்து, வடித்த கழிவையும் பழைய ஃபில்டர்களையும் அதில் போடச் செய்து, கழிவு எண்ணெய் எடுக்கும் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கத் துறைமுக நிர்வாகமும் விசைப்படகு உரிமையாளர் சங்கங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த ஆண்டின் நேரடி ஆய்வு இன்னும் முடியாத துறைமுகங்களில் ஆய்வுப் படிவத்தில் டேங்குக்கு ஒரு வரி சேர்ப்பதை இந்த வாரமே தொடங்கலாம்; ஆய்வு முடிந்துவிட்ட இடங்களில் ஜூன் 14ஆம் தேதிக்குள் டேங்கை வடித்துக்கொள்ளும்படி சங்கங்களின் வழியாக அறிவிப்புக் கொடுத்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
படகு டீசல் பம்பு பழுதுபார்ப்பவர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.